ஆழமாக நட்டால் சாயாது என்ற பேச்சு

"நல்லா ஆழமா வையுங்கோ, அப்பத்தான் காத்துக்குச் சாயாது." கொழும்பில் எந்த வளவில் ஒரு கன்று நடப்பட்டாலும் இந்த வாக்கியம் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். கிடங்கு வெட்டுகிறவர் சொல்வார், மதிலுக்கு அப்பால் நின்று அயல்வீட்டு ஐயா சொல்வார், மேல்மாடியில் உடுப்புக் காயப்போடும் அக்கா எட்டிப் பார்த்துச் சொல்வார். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின் மீது மரம் விழுந்து ஐந்து பேர் இறந்த பிறகு, மழைக்காலத்தில் மரத்தடியில் வாகனத்தை நிறுத்தவே யோசிக்கிற ஊர் இது. ஆழமாக ஊன்றிய மரம் அசையாது என்று நம்புவது ஓர் ஆறுதலும்கூட. ஆனால் அந்த அறிவுரை பிழை. அளவுக்கு மீறி ஆழத்தில் நட்ட மரம்தான் பலவீனமான மரமாக வளர்கிறது. இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை. ஏன் பிழை என்பதை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

மரத்தை நிற்கவைப்பவை பக்கவாட்டில் விரிந்தோடும் வேர்கள். ஆணிவேர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது விதை முளைத்த முதற்காலத்துக்கே முக்கியமாகப் பொருந்தும். வளர்ந்த மரத்தைத் தோண்டிப் பார்த்தால், தண்ணீரையும் உரத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் ஒன்று, ஒன்றரை அடிக்குள் கிடக்கும். தாங்கும் தடித்த வேர்களும் அடிமரத்திலிருந்து புறப்பட்டு, நிழல் விழும் வட்டத்தையும் தாண்டி, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம்வரை போகும். காரணம் காற்று. வேர் மூச்சுவிட வேண்டும்; மண்ணில் ஒட்சிசன் மேலேதான் இருக்கிறது. கீழே போகப்போகக் குறைகிறது. கொழும்பின் களிமண்ணிலும் நிரப்பிய சதுப்பு நிலத்திலும் இரண்டடிக்குக் கீழே மழைக்காலத்தில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அப்படியான இடத்துக்கு வேரைக் கொண்டுபோய்ப் புதைப்பது அதன் மூக்கைப் பொத்துவது போன்றது.

அடிமரத்தைக் கவனித்துப் பார்த்தால் ஓர் இடத்தில் அது அகன்று, யானையின் பாதம் போல விரிந்து, மண்ணுக்குள் இறங்குவது தெரியும். தண்டு முடிந்து வேர் தொடங்கும் அந்த இடத்தை வேர்க்கழுத்து என்போம். விகாரமகாதேவிப் பூங்காவிலோ கறுவாத்தோட்டத்து வீதிகளிலோ நிற்கும் பழைய மாரா (தூங்குமூஞ்சி) மரங்களைப் பாருங்கள். கழுத்து முழுதாக வெளியே தெரியும், வேர்கள் நிலத்தின் முதுகில் புடைத்துக்கொண்டு ஓடும். பிறகு புதிய தொடர்மாடி ஒன்றின் வாசலில் ஐந்தாறு வருடத்துக்கு முன் நட்ட மரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் விளக்குக் கம்பம் போல, மேலே எவ்வளவு தடிப்போ அதே தடிப்போடு நேராக மண்ணுக்குள் இறங்கியிருக்கும். விரிவே இருக்காது. அது புதைக்கப்பட்ட மரம்.

புதைத்த மரம் உடனே சாவதில்லை, அதுதான் சிக்கல். ஜூன் 5 சுற்றாடல் தினத்துக்கு நட்டுப் படம் எடுத்த கன்று அடுத்த ஜூனிலும் பச்சையாகவே நிற்கும். நட்டவருக்கு நிம்மதி. ஆனால் தண்டின் பட்டை வேரின் பட்டையைப் போன்றது அல்ல. எப்போதும் ஈரமண் தொட்டுக்கொண்டிருந்தால் மெல்ல அழுகத் தொடங்கும், பூஞ்சணம் ஏறும். மூச்சுத் திணறும் வேர்கள் மேல்நோக்கி வளர்ந்து தண்டைச் சுற்றி வளைந்து, தண்டு பருக்கப் பருக்க அதைக் கயிறு போல இறுக்கும். இலை சிறுக்கும், நுனிக்கொப்புகள் காயும், வளர்ச்சி நின்றுவிடும். மூன்றாம் வருடமோ எட்டாம் வருடமோ ஒரு காற்றில் அடியோடு சாய்ந்தால், "மண் சரியில்லை" என்போம். நட்ட நாளில் நடந்த பிழை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

தென்னை நட்ட கை

எந்தக் கன்றுக்கும் கிடங்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் வேண்டும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? என் எண்ணத்தில் அது தென்னையிலிருந்து வந்தது. தென்னைக்கு அந்தக் கிடங்கு சரியானது. அடியில் பொச்சுமட்டையை இரண்டு வரிசையாக அடுக்கி, மேல்மண்ணும் எருவும் போட்டு, கன்றை நில மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்து, அது வளர வளர மண்ணை நிரப்பிக்கொண்டு வருவார்கள். தென்னைக்கு இது பொருந்துவதற்குக் காரணம் அதன் உடற்கூறு. அதற்கு ஆணிவேரும் இல்லை, பருத்து விரியும் பக்கவேர்களும் இல்லை. அடித்தண்டின் குமிழிலிருந்து ஒரே தடிப்பான வேர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்நாள் முழுவதும் புதிது புதிதாக வந்துகொண்டேயிருக்கும். குமிழ் மண்ணுக்குள் இருந்தால்தான் அந்த வேர்களுக்குப் பிடி கிடைக்கும். தென்னை அறிந்த கை மாவுக்கும் நாகமரத்துக்கும் பூமருதுக்கும் அதே கிடங்கை வெட்டியது. முருங்கைத் தடியையும் ஆழ ஊன்றித்தானே முளைக்க வைக்கிறோம் என்று ஒருவர் கேட்கலாம். அது தடி, வேரே இல்லாத தண்டு. கன்றுக்கு ஏற்கெனவே வேர் இருக்கிறது, அதன் கழுத்து எங்கே என்பதும் தீர்மானமாகிவிட்டது.

மூன்றடிக் கிடங்கில் இன்னொரு பொறி உண்டு. கிளறிய மண்ணும் கூட்டெருவும் சேர்த்து நிரப்பினால் அது பஞ்சு போல நிற்கும். நட்ட அன்று மட்டம் சரியாகவே தெரியும். மழை பெய்து மண் இறுகும். கூட்டெரு உக்கி அளவில் குறையும். சில மாதங்களில் கன்று நான்கைந்து அங்குலம் கீழே இறங்கிவிடும். வீட்டுக்காரர் அந்தப் பள்ளத்தைப் பார்த்து இன்னும் இரண்டு கூடை மண் கொட்டுவார். கழுத்து முழுதாகப் புதைந்துவிடும்.

ஆகவே கிடங்கின் ஆழம் வேர்ப்பந்தின், அதாவது வேரும் மண்ணுமாகப் பையிலிருந்து வரும் கட்டியின், உயரத்தைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்கவேண்டும், கூடவே கூடாது. அடிமண்ணைக் கிளறக்கூடாது, கன்று உட்காரும் இடம் இறுகியே இருக்கட்டும். அகலத்தில் மட்டும் தாராளம் காட்டலாம்: வேர்ப்பந்தின் இரண்டு மடங்கு போதும், மூன்று மடங்கு என்றால் மிக நல்லது. பக்கச் சுவர்கள் கிண்ணம் போலச் சரிந்து வரட்டும். ஆழத்துக்குச் செலவழிக்கும் அந்த வியர்வையை அகலத்துக்குச் செலவழித்தால் முதல் வருடத்து வேர் இளகிய மண்ணில் ஓடிப் பரவும்.

கிடங்கு தொட்டியாகும்போது

கொழும்பு ஒரே மண் உள்ள ஊர் அல்ல. கறுவாத்தோட்டப் பக்கம் கறுவாவுக்குப் பேர்போன வெண்மணல். தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் கடலை நெருங்க நெருங்க மணலும் உப்புக்காற்றும். மேட்டு நிலங்களில் செம்மண்ணும் அதற்கடியில் கபுக் (செம்பூறாங்கல்) பாறையும். இராஜகிரிய, நாவலை, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைப் பக்கத்தில் பல வளவுகள் சதுப்பின் மேல் கொட்டிய மண். இவற்றுக்கெல்லாம் மேலே, புதிதாகக் கட்டிய எந்த வீட்டைச் சுற்றியும் உடைந்த செங்கல்லும் சீமெந்துக் கட்டியும் பலகைத் துண்டுகளும் புதைந்து கிடக்கும். அந்தப் பலகைத் துண்டுகளைக் கட்டாயம் பொறுக்கி எறியுங்கள். கறையானுக்கு அது அழைப்பிதழ்.

செம்மண்ணிலும் கபுக்கிலும் கிடங்கு வெட்டினால் அது மண்ணுக்குள் பதித்த சீமெந்துத் தொட்டி போலாகிவிடும். வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊரில் அந்தத் தொட்டி நிரம்பாமல் என்ன செய்யும்? இதைச் சோதிக்க நான்கைந்து வாளித் தண்ணீரும் ஒரு பிற்பகலும் போதும். ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள குழி வெட்டி நிரப்புங்கள், வடியவிடுங்கள், மறுபடி நிரப்பி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு தடியில் அடையாளமிட்டுப் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம் முதல் மூன்று அங்குலம்வரை இறங்கினால் கவலையில்லை. ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் வடிகால் மோசம். அடுத்த நாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் கிடங்கே வெட்டாதீர்கள். நிலத்தின் மேல் ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில், ஆறேழு அடி அகலத்தில் மண்ணை மேடாகக் குவித்து அதன் மேல் நடுங்கள்.

வடியாத குழிக்கு அடியில் சல்லிக்கல் போடுவது நம் ஊரில் எல்லோரும் செய்யும் பரிகாரம். அது தண்ணீரை வடிக்காது. நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர், மண் முழுதாக ஊறித் தெவிட்டும்வரை, பெரிய இடைவெளியுள்ள சல்லிக்குள் இறங்காது; அந்த எல்லையிலேயே தொங்கி நிற்கும். சல்லி போட்டதால் நடந்தது ஒன்றுதான், நனைந்த மண் வேருக்கு இன்னும் அருகில் வந்துவிட்டது. பூச்சாடிக்கும் இதே விதிதான்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது களிமண்ணில் கிடங்கு வெட்டக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஈரக் களியை மண்வெட்டியால் வெட்டும்போது சுவர் மெழுகியது போல வழுவழுப்பாகிவிடும். வேர் அதைத் துளைக்க முடியாமல் பானைக்குள் சுற்றுவது போலச் சுற்றும். அப்படி வெட்டியாகிவிட்டால் அலவாங்கால் சுவரைச் சுற்றிக் குத்திக் கரடுமுரடாக்கிவிட்டுப் பிறகு நடுங்கள்.

பையைக் கிழிக்கும் ஐந்து நிமிடம்

ஒரு மரத்தின் வாழ்க்கையில் எல்லாம் தீர்மானமாகும் கணம் எது என்று கேட்டால், கிடங்கு வெட்டுவதையோ உரம் போடுவதையோ நான் சொல்லமாட்டேன். பொலித்தீன் பையைக் கிழித்த பிறகு, கன்றைக் கிடங்கில் இறக்குவதற்கு முன் வரும் ஐந்து நிமிடம் அது. பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடம் ஐந்து வினாடியில் முடிந்துவிடுகிறது. பையைக் கிழி, மண்கட்டி உடையாமல் அப்படியே தூக்கி வை, மூடு, மிதி, தண்ணீர் ஊற்று. மண்கட்டி உடையக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அந்தக் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

முதலில் கழுத்தைத் தேடவேண்டும். பையின் மேல்மட்டமே கழுத்து என்று நினைப்பது இயல்பு, ஆனால் பல கன்றுகளில் அது அப்படி இராது. விதைத்தட்டிலிருந்து சின்னப் பைக்கு, சின்னப் பையிலிருந்து பெரிய பைக்கு என்று மாற்றும் ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு கை மண் விழுகிறது. கடைக்கு வரும்போது கழுத்து இரண்டு அங்குலமோ நான்கு அங்குலமோ உள்ளே போயிருக்கும். பையின் மட்டத்தை நில மட்டத்தோடு சரியாக வைத்து, எல்லாம் முறைப்படி செய்தேன் என்று நீங்கள் திருப்திப்பட்டாலும் மரம் புதைந்தே போகிறது. ஆகவே ஒரு பழைய சைக்கிள் கம்பியை எடுத்து, தண்டிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மெதுவாகக் கீழே குத்துங்கள். எங்கே தடுக்கிறது? தண்டைச் சுற்றி நான்கு பக்கமும் குத்திப் பாருங்கள். மயிர் போன்ற மெல்லிய வேர்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவை புதைந்த தண்டு பிற்பாடு விட்டவை, வெட்டிவிடலாம். பென்சில் தடிப்பில், வெவ்வேறு திசையில் போகும் இரண்டு மூன்று வேர்கள் தண்டோடு சேரும் இடமே கழுத்து. அதற்கு மேலுள்ள மண்ணையெல்லாம் விரலால் கிளறி எடுத்து எறியுங்கள். அளவெல்லாம் இனி அந்த இடத்திலிருந்துதான்.

ஒட்டுக்கன்று வாங்கியவர்கள் ஒட்டின் தழும்பைக் கழுத்து என்று மயங்கக்கூடாது. கறுத்தக்கொழும்பானோ விலாட்டோ அம்பலவியோ, ஒட்டு கழுத்துக்கு நன்றாக மேலே இருக்கும். அது ஒருபோதும் மண்ணைத் தொடக்கூடாது. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் காட்டு மா மேலே ஏறி நல்ல மாவைக் கொன்றுவிடும். ஒட்டில் சுற்றிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால் ஒட்டு நன்றாகப் பொருந்தியபின் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது சுற்றுவேர். பையில் அதிக நாள் நின்ற கன்றின் வேர் சுவரைத் தொட்டதும் வளைந்து, வட்டமாக ஓடியிருக்கும். அடியில் போய் மடிந்து மேலே திரும்பியிருக்கும். "நிலத்தில் வைத்தால் தானாக நிமிரும்" என்று நம்பாதீர்கள். வளைந்து தடித்த வேர் நிமிராது, அதே வளையத்தில் பருக்கும். பத்து வருடத்தில் வேரும் தண்டும் ஒன்றையொன்று நெரிக்கும் நிலை வரும். கூரான கத்தியால் வேர்ப்பந்தின் பக்கங்களில் மேலிருந்து கீழாக நான்கு இடத்தில், ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டுங்கள். அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு. வேர் மிக அடர்த்தியாகப் பாய் பின்னியது போலிருந்தால், பலாப்பழத் தோலைச் சீவுவது போல வெளிப்புறத்தை ஓர் அங்குலம் சுற்றிவரச் சீவிவிடலாம். வெட்டிய இடத்திலிருந்து புது வேர்கள் வெளிநோக்கி வரும். நெஞ்சு பொறுக்காமல் கை தயங்கும். ஆனால் இந்த வெட்டு மரத்துக்குச் செய்யும் நன்மை.

இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் கத்தியை எடுக்கவேண்டாம். போகன்விலாவின் வேர் நொறுங்கும் தன்மை உள்ளது. பையை மட்டும் பக்குவமாக வெட்டி, மண்கட்டி உடையாமல் வைக்கவேண்டும். பப்பாசியும் அப்படியே. பலாவுக்கு ஆணிவேரில் கை பட்டாலே பிடிக்காது, அதனால் பலாக்கொட்டையை நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுவது எல்லாவற்றிலும் சிறந்த வழி. தண்ணீர் தேங்கும் இடத்தில் பலா சில நாள்கூடத் தாங்காது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இவ்வளவையும் நிழலில் செய்யவேண்டும், பக்கத்தில் நனைத்த சாக்கு ஒன்று இருக்கவேண்டும். வெயிலில் திறந்து கிடக்கும் மெல்லிய வேர்கள் சில நிமிடத்திலேயே காய்ந்துவிடும். காலையில் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை ஊறவைத்துவிட்டு மாலையில் நடுவது நல்லது.

தியத்த உயனவிலோ பத்தரமுல்லை வீதியோரத்திலோ கன்று தேடும்போதே இந்த ஐந்து நிமிடத்தை மனதில் வைத்துக்கொண்டால் வேலை பாதி குறையும். ஒரே அளவுப் பையில் ஆறடிக் கன்றும் மூன்றடிக் கன்றும் நின்றால் மூன்றடியை எடுங்கள். ஆறடிக்குக் காசும் கூட, உள்ளே சுற்றுவேரும் கூட. தடித்த தண்டும் குறைந்த உயரமும் உள்ள கன்று இரண்டு மூன்று வருடத்தில் மற்றதை எட்டிப் பிடித்துவிடும். பையின் அடியிலிருந்து வேர் கிழிந்து தொங்கினால் அது நிலத்துக்குள் இறங்கிப் பிடுங்கப்பட்ட கன்று, அதை விட்டுவிடுங்கள்.

மூடுவதும் தண்ணீரும் கம்பும்

கன்றைக் கிடங்கில் வைத்து, குறுக்கே ஒரு தடியைக் கிடத்திப் பாருங்கள். கழுத்து தடியின் மட்டத்துக்கு ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ மேலே நிற்கவேண்டும். களிமண்ணில் இன்னும் சற்று உயர்ந்தாலும் பரவாயில்லை. மூடுவதற்குத் தோண்டி எடுத்த அதே மண்தான், கல்லும் சீமெந்தும் பொறுக்கியபின். கூட்டெரு கலப்பதானால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கிடங்கை மட்டும் சொர்க்கமாக்கினால் வேர் அதைவிட்டு வெளியே வராது, மழையில் அந்தப் பஞ்சுமண் சுற்றுவட்டத் தண்ணீரையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். பச்சைச் சாணத்தை வேருக்கருகே போடவே கூடாது, எரித்துவிடும். இரசாயன உரத்துக்கும் அவசரமில்லை. புதுத் துளிர் வந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும். பாதி மூடியதும் தண்ணீர் ஊற்றி மண்ணைப் படியவைத்து, பிறகு மீதியை மூடுங்கள். குதிகாலால் ஏறி மிதிப்பது இப்போதுதான் தளர்த்திய மண்ணை மறுபடி கல்லாக்குவது.

தண்ணீர் விடயத்தில் கொழும்புக்காரர் ஏமாறுவது மழையிடம். பைக்குள் இருந்த தும்புத்தூள் கலவை சுற்றியுள்ள மண்ணைவிட வேகமாகக் காயும். ஒருமுறை முழுதாகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காமல் தள்ளிவிடும். வெளியே சேறாக இருக்கும்போதே வேர்ப்பந்து உள்ளே உலர்ந்து கிடக்கலாம். தண்டுக்குப் பக்கத்தில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்ப்பதைவிட நல்ல கருவி இல்லை. ஓரங்குலத் தடிப்புள்ள தண்டுக்கு ஒரு தடவைக்கு ஐந்து முதல் எட்டு லீற்றர், மெதுவாக, வேர்ப்பந்தின் மேலேயே. முதல் இரண்டு வாரம் மழை இல்லாத நாள் எல்லாம், அடுத்த இரண்டு மூன்று மாதம் இரண்டு நாளைக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை நிறைய. முதலாவது ஜனவரி, பெப்ரவரியில்தான் பெரும்பாலான கன்றுகள் சாகின்றன, வளவுக்காரர் மழைக்காலப் பழக்கத்திலேயே இருந்துவிடுவதால். இரண்டாவது ஜனவரியிலும் கவனம் வேண்டும்.

எப்போது நடுவது? உள்நிலத்தில் சித்திரை கழிந்து மழை தொடங்கும் நாட்களும் நல்லவை, செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் தொடக்கமும் நல்லவை. கடலோரத்தில் நான் ஒக்டோபரையே சொல்வேன். மே தொடங்கி ஓகஸ்ட்வரை தென்மேல் காற்று உப்பை அள்ளிக்கொண்டு நேரே முகத்தில் அடிக்கும். புதிதாக நட்ட கன்றின் இளந்துளிர் கருகிவிடும். ஒக்டோபரில் நட்டால் அடுத்த மே வருவதற்குள் ஏழு மாதம் வேர்விடக் கிடைக்கும்.

மேல்மண்ணை மூடுவதற்கு உதிர்ந்த இலை, வைக்கோல், நறுக்கிய பொச்சு எதுவும் ஆகும். இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில், மூன்றடி அகலத்துக்கு, ஆனால் தண்டைச் சுற்றி நாலு விரற்கடை வெளிவிட்டு. தண்டில் குவித்து மலை போலக் கட்டுவது மறுபடியும் கழுத்தைப் புதைப்பதே. டெங்கு உள்ள ஊர் இது என்பதால் முழுப் பொச்சுமட்டை வைப்பவர்கள் குழிவுப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கவேண்டும், சிரட்டை எங்கும் கிடக்கக்கூடாது. தண்டைச் சுற்றிக் கட்டும் வரம்பில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றால் வரம்பை உடைத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் நுளம்புக்கு நல்லது, வேருக்குக் கெட்டது.

கம்பு எல்லாக் கன்றுக்கும் வேண்டியதில்லை. தானாக நிற்கும் கன்றைக் கட்டிவைத்தால் அது நிற்கப் பழகாது. காற்றில் ஆடும் அசைவுதான் தண்டை அடியில் பருக்கவைத்து வேரைப் பரப்புகிறது. கடையில் தண்டோடு சேர்த்துக் கட்டிய மெல்லிய குச்சியை நட்டவுடன் அவிழ்த்துவிடுங்கள். நிற்கமுடியாத கன்று என்றால் வேர்ப்பந்துக்கு வெளியே இரண்டு கம்பு ஊன்றி, உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில், பழைய சைக்கிள் டியூப்பால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டவேண்டும். கம்பிக் கட்டு வேண்டவே வேண்டாம். ஒரு வருடத்துக்குள் எல்லாம் கழன்றாகவேண்டும். மறந்துபோன கட்டு தண்டுக்குள் புதைந்து மரத்தை அந்த இடத்திலேயே முறித்த காட்சி எந்த வீதியிலும் காணக்கிடைக்கும்.

எங்கே எது

மாரா மரத்தைப் பத்துப் பேர்ச் வளவில் நடுவது யாருக்கும் நல்லதல்ல. அதன் குடை எண்பது, நூறு அடிக்கு விரியும். பலாவை மதிலோரம் வைக்கும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள்: பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். சதுப்பு நிரப்பிய பக்கங்களில் மருதும் பூமருதும் ஈரத்தைத் தாங்கும். கடலோரத்துக்குப் புன்னையும் பூவரசும். 1986இல் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட நாகமரம் மிக மெதுவாக வளரும், இளமையில் கொஞ்சம் நிழலை விரும்பும்; பொறுமை உள்ளவர்கள் வையுங்கள், அதன் சிவந்த தளிரைப் பார்க்கக் கிடைப்பது ஒரு பாக்கியம்.

செடிகளுக்கும் கழுத்து உண்டு, விதி ஒன்றே. செவ்வரத்தை, நந்தியாவட்டை வேலிக்கு இரண்டு மூன்றடி இடைவெளி, வெட்சிக்கு ஒன்றரை அடி. நட்ட அன்று அடர்த்தியாகத் தெரியவேண்டும் என்று ஓரடிக்கு ஒன்று வைத்தால் இரண்டு வருடத்தில் உள்ளே காற்றில்லாமல் வெள்ளைப்பூச்சி குடியேறும். புது மதிலோரம் வைத்த வெட்சி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதற்கு நோயில்லை. மதில் கட்டும்போது விழுந்த சீமெந்து மண்ணைக் காரமாக்கிவிட்டது. மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்கமுடியவில்லை. இன்னும் உரம் கொட்டுவதில் பயனில்லை. மதிலிலிருந்து ஒன்றரை அடி அகலத்துக்கு, ஓரடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி எறிந்து, புதுச் செம்மண்ணும் உக்கிய இலையும் நிரப்பி நடவேண்டும். ஒருபோகப் பூக்களுக்குப் பாத்தியை அரையடி உயர்த்தினால் ஒக்டோபர் மழை அழுகவைக்காது.

ஏற்கெனவே புதைத்தவை

இனி நடுவதைச் சரியாக நடலாம், போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நட்டவற்றை என்ன செய்வது? கம்பம் போல மண்ணுக்குள் இறங்கும் தண்டைக் கண்டால் மண்வெட்டியை எடுக்கவேண்டாம், பட்டையைச் சீவிவிடும். கையாலும் ஒரு மரக்குச்சியாலும், தண்ணீர்க் குழாயை மெல்லத் திறந்துவிட்டும், தண்டைச் சுற்றிய மண்ணை விலக்குங்கள். கழுத்து தெரியும்வரை இறங்குங்கள். இரண்டு மூன்று அங்குலத்தில் தெரிந்தால் அதுவரைக்கும் மண்ணை அகலமாகச் சரித்து விட்டுவிட்டால் போதும். கிணறு போல ஒடுக்கமாக விட்டால் மழைநீர் தேங்கும். தண்டைச் சுற்றி ஓடும் வேர் பென்சில் தடிப்பில் இருந்தால் இருபுறமும் வெட்டி எடுத்துவிடுங்கள். பெருவிரல் தடிப்புக்கு மேல் இரண்டு மூன்று இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டவேண்டாம், இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் ஒன்று. நட்டு ஒரு வருடம்கூட ஆகாத கன்று அரையடிக்கு மேல் புதைந்திருந்தால் மழை தொடங்கும் வாரத்தில் தோண்டி எடுத்து உயர்த்தி நடுவதே சுலபம். விலக்கிய மண் ஒவ்வொரு பெருமழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும், வளவு கூட்டுகிறவரும் இலையை அங்கேயே குவிப்பார். ஒக்டோபர் மழைக்கு முன் ஒருதரம், மழை ஓய்ந்து டிசம்பர் முடிவில் ஒருதரம் குனிந்து பார்த்து, மறுபடி விலக்கிவிட வேண்டும்.